வைத்தியசாலை வீடான கதை



சென்ற இதழில் சிறுசேமிப்புக் குழுக்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த சிலர், "வீடு, காணி பற்றியும் எழுதுங்கோ மிஸ்" என்று கேட்டிருந்தனர். இந்த மாதம் காணியைப் பற்றியே எழுதுகிறேன். ஆனால் நமது காணிக் கந்தோரிலிருந்து தொடங்காமல், கிழக்கு லண்டனில் மூடப்பட்ட ஒரு வைத்தியசாலையின் வாசலிலிருந்து தொடங்குகிறேன். அந்த வைத்தியசாலை இன்று குடியிருப்பாக மாறியிருக்கிறது. அதில் சில வீடுகளின் விலையைச் சந்தை தீர்மானிப்பதில்லை. அப்பகுதி மக்களின் வருமானமே தீர்மானிக்கிறது. இது எப்படி நடந்தது, யார் நடத்தினார்கள் என்பது நாம் அறிந்துகொள்ள வேண்டிய விடயம்.

லண்டன் ஈஸ்ற்ஹாம் பகுதியில் உங்களில் சிலருக்கு உறவினர் இருக்கலாம். அங்கிருந்து நகரின் நடுப்பகுதிக்குப் போகும் டிஸ்ரிக்ற் லைன் ரயில் போ றோட் என்ற நிலையத்தில் நிற்கும். அந்த நிலையத்துக்குக் கிட்ட, அதே வீதியில்தான் சென் கிளமென்ற்ஸ் வைத்தியசாலை இருந்தது. ஏறத்தாழ நாலரை ஏக்கர் காணி. வீதியோரமாக உயரமான மதில், உள்ளே பழைய செங்கல் கட்டடங்கள். 2005ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது.

ஏழைகளுக்குக் கட்டிய மாளிகை

இந்தக் கட்டடம் முதலில் வைத்தியசாலையாகக் கட்டப்படவில்லை. 1848, 1849ஆம் ஆண்டுகளில் லண்டன் நகரத்தின் ஏழைகளை வைத்திருக்கும் ஏழைகள் விடுதியாகவே இது எழுந்தது. 800 பேருக்கென்று கட்டப்பட்டது. செலவு ஏறத்தாழ 55,000 பவுண். அந்தக் காலத்துக்கு இது பெருந்தொகை. உணவு மண்டபத்தில் பளிங்குத் தூண்கள், சிற்றாலயத்தில் வண்ணக் கண்ணாடி யன்னல்கள், ஓர்கன் வாத்தியம், கட்டடம் முழுவதையும் சூடாக்கும் ஏற்பாடு எல்லாம் இருந்தன. லண்டன் நகரத்தின் மையப்பகுதி வணிகர்களும் வங்கிகளும் நிறைந்த பணக்கார இடம். அந்தப் பணத்தில், ஏழைகளை நகரத்துக்கு வெளியே வைத்திருக்க இந்த மாளிகையைக் கட்டினார்கள்.

பளிங்குத் தூண்கள் இருந்தென்ன? பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது இங்கிலாந்தின் 1834ஆம் ஆண்டு ஏழைகள் சட்டத்தை ஒரு பாடமாகப் படித்தோம். உதவி வேண்டுமென்றால் விடுதிக்குள் வரவேண்டும் என்பது அதன் அடிப்படை. விடுதி வாழ்க்கை வெளியிலுள்ள மிக வறிய கூலியாளின் வாழ்க்கையைவிடக் கீழானதாக இருக்கவேண்டும், அப்போதுதான் வேறு வழியே இல்லாதவர் மட்டும் வருவர் என்று சட்டத்தை ஆக்கியவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். வாசலில் சொந்த உடுப்பைக் களைந்து விடுதிச் சீருடையை உடுத்த வேண்டும். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் இன்னொரு பக்கம். பழைய கயிற்றைப் பிரித்து நாராக்குவது, துணி வெளுப்பது, தரை கழுவுவது போன்ற வேலைகள் கொடுக்கப்படும்.

அந்த வாசலைத் தட்டியவர்களில் பெண்கள் ஏராளம். புருசன் இறந்தவள், கைவிடப்பட்டவள், மணமாகாமல் கர்ப்பமானவள், வேலை செய்ய முடியாத முதியவள். ஆண்களுக்குக் கிடைத்த கூலியில் பாதிகூடப் பெண்களுக்குக் கிடைக்காத காலம் அது. உழைப்பவர் ஒருவர் போனால் குடும்பமே விடுதி வாசலுக்கு வந்துவிடும். இடம்பெயர்ந்து பாடசாலை மண்டபத்திலும் நலன்புரி நிலையத்திலும் வரிசையில் நின்ற நமக்கு, உதவி பெறுபவரை எப்படி நடத்துகிறார்கள் என்பது எவ்வளவு பெரிய விடயம் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

விடுதியில் பிறந்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் அந்த இடத்தின் பெயர் எழுதப்படும். வாழ்நாள் முழுவதும் அந்தத் தாள் பிள்ளையைத் தொடரும். 1904ஆம் ஆண்டிலேதான், விடுதி என்று எழுதாமல் வெறும் தெரு முகவரியை மட்டும் எழுதலாம் என்று பதிவாளர் நாயகம் அறிவுறுத்தினார். சட்டம் திறந்து எழுபது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த சிறிய சலுகை அது. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு அது சிறியதாக இருந்திராது.

வைத்தியசாலையாக மாறியது

1869ஆம் ஆண்டில் லண்டனின் நிர்வாக அலகுகள் சில ஒன்றிணைக்கப்பட்டன. அதனால் போ வீதி விடுதி தேவையற்றுப் போனது. 1874இல் அதையே ஏழை நோயாளருக்கான வைத்தியசாலையாக மாற்றினார்கள். 1909இல் அதுவும் மூடப்பட்டது. மூன்று வருடம் வெறுமையாகக் கிடந்தபின், 1912இல் நீண்டகால நோயாளரை வைத்திருக்கும் இல்லமாக மறுபடி திறக்கப்பட்டது.

1930இல் ஏழைகள் சட்டத்தை நடத்திய பழைய சபைகள் கலைக்கப்பட்டு, இத்தகைய இடங்கள் லண்டன் மாநகர சபையிடம் வந்தன. 1936இல் இதற்கு சென் கிளமென்ற்ஸ் என்று புதுப்பெயர் சூட்டினார்கள். இங்கிலாந்து முழுவதும் அக்காலத்தில் பழைய விடுதிகளுக்கு இவ்வாறு பெயர் மாற்றினார்கள். ஆனால் பெயரை மாற்றுவது இலகு, மக்கள் மனதில் இருந்ததை மாற்றுவது இலகுவல்ல. முன்னர் ஏழைகள் விடுதியாக இருந்த வைத்தியசாலைகளுக்குள் காலடி வைக்கப் பல முதியவர்கள் கடைசிவரை மறுத்தார்கள். அவர்களுக்கு அது மருந்து கிடைக்கும் இடமாகத் தெரியவில்லை. மானம் போகும் இடமாகவே தெரிந்தது.

இரண்டாம் உலகப் போரில் கிழக்கு லண்டன் மிக மோசமாகக் குண்டுவீச்சுக்கு ஆளானது. துறைமுகமும் தொழிற்சாலைகளும் அங்கேதான் இருந்தன. 1944இல் விழுந்த குண்டில் சென் கிளமென்ற்ஸின் கட்டடங்களும் சேதமடைந்தன. போர் முடிந்து 1948இல் இங்கிலாந்தில் எல்லோருக்கும் இலவச வைத்திய சேவை தொடங்கியபோது, இந்த வைத்தியசாலையும் அந்தச் சேவையோடு சேர்ந்தது. இலவச வைத்தியம் நமக்குப் பழக்கமானது. அவர்களுக்கு அது பெரும் போர் ஒன்றின் பின் கிடைத்த பேறு.

அந்த வீதியின் பெண்கள்

கட்டடத்தை விட்டு ஒரு நிமிடம் வீதிக்கு வருவோம். போ பகுதியின் பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையை முடிக்க முடியாது.

முதலாம் உலகப் போரில் கணவனை இழந்த பெண்களுக்கும் அங்கவீனமடைந்த படையினருக்கும் ஓய்வூதியம் உண்டு என்று அரசு சொன்னது. அதைப் பெற்றுக்கொள்வதுதான் பெரும்பாடு. படிவங்கள், சாட்சிகள், தாமதங்கள். போ வீதிப் பகுதியில் மினி லான்ஸ்பரி என்ற இளம் ஆசிரியை போர் ஓய்வூதியக் குழுவின் தலைவியாக இருந்து, விதவைகளின் கோரிக்கைகளைத் தன் கோரிக்கையாக எடுத்து வாதாடினார். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு உழைத்தவர் அவர். பின்னர் பொப்லர் நகர சபையிலும் அங்கம் வகித்தார்.

1921இல் அந்தச் சபை ஒரு முடிவெடுத்தது. ஏழைப் பகுதியான பொப்லரில் வேலையற்றோர் நிறைந்திருந்தனர். அவர்களுக்கு உதவும் செலவு முழுவதும் அந்த ஏழைப் பகுதியின் மீதே விழுந்தது. பணக்காரப் பகுதிகளுக்கோ அந்தச் சுமை இல்லை. இதைச் சமன்செய்யும்வரை மேலிட நிறுவனங்களுக்கான வரியை வசூலிக்க மாட்டோம் என்றது சபை. அதற்காக 30 உறுப்பினர்கள் சிறை சென்றார்கள். அவர்களுள் ஐந்து பேர் பெண்கள். ஒருவர் கர்ப்பிணி. ஆறு வாரங்களில் அரசு இறங்கிவந்தது. ஏழைப் பகுதிகளின் செலவை லண்டன் முழுவதும் பகிர்ந்துகொள்ளும் சட்டம் வந்தது. மினி லான்ஸ்பரி 1922 ஜனவரியில் 32 வயதில் இறந்துபோனார். அவர் நினைவான மணிக்கூடு இன்றும் போ வீதியில் இருக்கிறது.

இதே போ பகுதியில் முரியல் லெஸ்ரர், டொறிஸ் லெஸ்ரர் என்ற இரு சகோதரிகள் 1915இல் கிங்ஸ்லி ஹோல் என்ற சமூக நிலையத்தை ஆரம்பித்தார்கள். 1931இல் வட்டமேசை மகாநாட்டுக்கு வந்த காந்தி, ஆடம்பர விடுதியில் தங்காமல், இந்தச் சகோதரிகளின் நிலையத்தில் ஏறத்தாழ மூன்று மாதம் தங்கினார். காலையில் அந்த ஏழைத் தெருக்களில் நடந்தார். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னால் வருகிறேன்.

மனநோய் என்ற முத்திரை

1959இலிருந்து சென் கிளமென்ற்ஸ் முற்றிலும் மனநல வைத்தியசாலையானது. அதே ஆண்டில்தான் இங்கிலாந்தில் புதிய மனநலச் சட்டமும் வந்தது. மனநோயாளரும் ஏனைய நோயாளரைப் போலத் தாமாக விரும்பி வந்து சிகிச்சை பெற்றுத் திரும்பலாம் என்ற நிலை அதனால் பரவலானது. 1961இல் சுகாதார அமைச்சர், ஆயிரக்கணக்கானோரை அடைத்து வைத்திருக்கும் பழைய மனநோய் விடுதிகளை மூடப்போவதாக அறிவித்தார். நோயாளரை அவர்களின் ஊரிலும் வீட்டிலும் வைத்துப் பராமரிப்பதே நோக்கம். அது நடந்து முடியப் பல பத்தாண்டுகள் எடுத்தன. சென் கிளமென்ற்ஸின் முறை 2005இல் வந்தது. அதன் சேவைகள் அயலிலுள்ள மைல் எண்ட் வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டன.

நமது நாட்டில் அங்கொடை என்ற ஊர்ப்பெயரே ஒரு வசைச்சொல்லாகிப் போனது. அங்கு ஒரு மனநல வைத்தியசாலை இருப்பதுதான் அதன் காரணம். போரின் பின் நித்திரை வராமல், நெஞ்சு படபடத்து, சாப்பாடு செல்லாமல் இருக்கும் பெண்ணுக்கு, "ஒருக்கால் மனநல வைத்தியரிடம் போவோம்" என்று நான் சொன்னால் அவர் முகம் சுருங்கும். "எனக்கு விசரில்லை மிஸ்" என்பார். சுவரின் மீது ஒட்டிய பெயர் அங்கு போகும் மனிதர் மீதும் ஒட்டிக்கொள்கிறது. போ வீதியின் அந்த மதிலுக்குள் நூற்றைம்பது ஆண்டுகளாக ஏழை, தீராத நோயாளி, மனநோயாளி என்று மாறிமாறி மூன்று முத்திரைகள் இருந்தன. அந்த மதிலுக்குள் போய்க் குடியிருக்க யாரும் விரும்புவார்களா?

விரும்பினார்கள். ஏன் என்றால், கிழக்கு லண்டனில் வீட்டு விலை அவ்வளவுக்கு ஏறியிருந்தது.

யாருக்கு அந்தக் காணி?

போ பகுதியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், தாதியாக, ஆசிரியராக, பஸ் சாரதியாக, துப்புரவுப் பணியாளராக வேலை செய்தும், அதே ஊரில் ஓர் அறை வீடுகூட வாங்க முடியாத நிலை வந்திருந்தது. பக்கத்தில் வங்கிகளின் வானளாவிய கோபுரங்கள் எழுந்தன. காணி விலை ஏற ஏற, ஊரவர் வெளியேறிக்கொண்டிருந்தனர். குண்டு விழாமலே நடக்கும் இடப்பெயர்வு இது.

அப்பகுதியின் தேவாலயங்கள், பள்ளிவாசல்கள், பாடசாலைகள், தொழிற்சங்கங்கள் சேர்ந்து ரெல்கோ என்ற மக்கள் கூட்டமைப்பை 1996இல் அமைத்திருந்தன. 2004இல் லண்டன் நகரபிதா தேர்தலின்போது, அந்த அமைப்பு வேட்பாளரிடம் ஒரு வாக்குறுதி கேட்டது. சமூகக் காணி அறக்கட்டளை ஒன்றுக்கு நகரத்தில் இடம் தரவேண்டும் என்பதே அது. சமூகக் காணி அறக்கட்டளை என்றால் காணி ஒரு சமூகத்தின் பொதுப் பொறுப்பில் நிரந்தரமாக இருக்கும். அதன் மேலுள்ள வீட்டைத் தனி ஆட்கள் வாங்குவர் அல்லது வாடகைக்கு எடுப்பர். காணியை எவரும் விற்று இலாபம் பார்க்க முடியாது.

2007இல் கிழக்கு லண்டன் சமூகக் காணி அறக்கட்டளை உருவானது. 2008இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் இத்தகைய அறக்கட்டளைகளுக்குச் சட்டத்தில் ஒரு வரைவிலக்கணம் கொடுத்தது. இடையில் மூடிக்கிடந்த சென் கிளமென்ற்ஸ் காணி அரச கையிலேயே இருந்தது. அதை எங்களுக்குத் தாருங்கள் என்று மக்கள் கேட்டார்கள். அறக்கட்டளை ஒரு கட்டட நிறுவனத்துடன் கேள்விப் போட்டியில் இறங்கித் தோற்றது. தோற்றபின் கலைந்து போகவில்லை. வென்ற நிறுவனத்தோடும் நகரபிதா அலுவலகத்தோடும் பேசி, 2012இல் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அங்கு எழும் வீடுகளில் ஒரு பகுதி அறக்கட்டளைக்குரியதாகும் என்பது அந்த உடன்பாடு.

2013 ஓகஸ்டில், கட்டட வேலை தொடங்குமுன், பூட்டிக்கிடந்த வைத்தியசாலையின் வாசலைத் திறந்து ஒரு திரைப்பட விழா நடத்தினார்கள். ஏ.ஆர்.ரகுமான் இசையமைத்த 'ஸ்லம்டோக் மில்லியனயர்' படத்தின் இயக்குநர் டனி பொயில் அதற்குப் பொறுப்பாக இருந்தார். ஆண்டுக்கணக்காக மதிலுக்கு வெளியே நடந்து திரிந்த அயலவர் பலர் அப்போதுதான் முதன்முறையாக உள்ளே போய்ப் பார்த்தார்கள். ஓர் இடத்தின் மீதிருந்த பயத்தைப் போக்க இதுவும் ஒரு வழி.

பழைய முகப்புக் கட்டடத்தையும் வேறு சில கட்டடங்களையும் இடிக்காமல் திருத்தினார்கள். புதிய மாடிகளும் எழுந்தன. மொத்தம் 252 வீடுகள். அவற்றில் 23 வீடுகள் சமூகக் காணி அறக்கட்டளைக்குக் கிடைத்தன. இன்னும் ஐம்பதுக்கு மேற்பட்ட வீடுகளைப் பீபொடி என்ற பழைய வீடமைப்பு அறக்கட்டளை குறைந்த வாடகைக்குக் கொடுத்தது. 2017இல் அறக்கட்டளை வீடுகளுக்கு முதற் குடும்பங்கள் குடிவந்தன. வாக்குறுதி கேட்ட நாளிலிருந்து பதின்மூன்று ஆண்டுகள்.

விலையை எப்படி நிர்ணயித்தார்கள்?

இதுதான் முக்கியமான பகுதி. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

உங்கள் மாதர் சங்கத்தில் ஒன்பது பெண்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாத வருமானம் குறைந்தவரிலிருந்து கூடியவர்வரை வரிசையாக நிறுத்துங்கள். ஐந்தாவதாக நிற்பவரின் வருமானம் நடு வருமானம். சராசரி எடுத்தால் ஒரு பணக்காரி எல்லோரையும் பணக்காரராகக் காட்டிவிடுவார். நடுவில் நிற்பவரின் வருமானம் அப்படி ஏமாற்றாது.

லண்டன் அறக்கட்டளை இப்படித்தான் அப்பகுதியின் நடு வருமானத்தை எடுத்தது. ஒரு குடும்பம் தன் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீட்டுக்குச் செலவழித்தால் சாப்பாட்டிலும் படிப்பிலும் கைவைக்க நேரும். ஆகவே, அந்த மூன்றில் ஒரு பங்கைக் கடன் தவணையாகக் கட்டினால் எவ்வளவு கடன் எடுக்கலாமோ, அதை வைத்தே வீட்டின் விலையைக் கணக்கிட்டார்கள். ஓர் அறை வீட்டின் விலை ஏறத்தாழ 130,000 பவுண் என்று வந்தது. அயலில் அத்தகைய வீட்டின் சந்தை விலையில் இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

வாங்கியவர் சில வருடத்தில் சந்தை விலைக்கு விற்று இலாபம் எடுத்துக்கொண்டு போய்விட்டால்? அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். விற்கும்போதும் அதே கணக்குத்தான். அன்றைய நடு வருமானம் எவ்வளவோ அதற்கேற்ற விலைக்கே விற்கலாம். அதனால் அடுத்து வரும் குடும்பத்துக்கும், அதற்கடுத்த குடும்பத்துக்கும் வீடு எட்டும் விலையில் இருக்கும். யார் வாங்கலாம் என்பதற்கும் விதி உண்டு. அப்பகுதியோடு குறைந்தது ஐந்து வருடத் தொடர்பு, வீட்டுத் தேவை, ஊர்ப் பணிகளில் பங்கு ஆகியவற்றைப் பார்த்தார்கள்.

குறையையும் சொல்ல வேண்டும். 252இல் 23 என்பது பத்தில் ஒன்றுகூட இல்லை. பெரும்பான்மையான வீடுகள் சந்தை விலைக்கே விற்கப்பட்டன. பொதுமக்களின் வைத்தியசாலையாக இருந்த காணியின் பெரும்பகுதி காசுள்ளவர் கைக்கே போனது. இந்தத் திட்டத்தை விமர்சிப்பவர்கள் சொல்வது இதுதான், அது நியாயமானதும்கூட. வருமானமே இல்லாத பெண்ணுக்கு இந்த 23 வீடுகளும் எட்டாதவை. அவருக்கு வேண்டியது குறைந்த வாடகை வீடு. ஆனாலும் 23 குடும்பங்கள் ஊரை விட்டுப் போகாமல் இருக்கின்றன. முறை ஒன்று நடைமுறையில் காட்டப்பட்டுவிட்டது. அதே அறக்கட்டளை பின்னர் தென்கிழக்கு லண்டனின் லூயிஷாம் பகுதியில் இன்னும் 11 வீடுகளைக் கட்டியது.

இந்த எண்ணம் எங்கிருந்து போனது?

காந்தியைப் பற்றிப் பின்னால் வருகிறேன் என்றேன். காந்தியின் சீடர் வினோபா பாவே 1951இல் இந்தியாவில் பூதான இயக்கத்தைத் தொடங்கினார். ஊர் ஊராக நடந்து, காணி உள்ளவரிடம் காணியற்றவருக்காகக் காணி கேட்டார். தனி ஆட்களுக்குக் கொடுத்த காணி கடனுக்கும் வறுமைக்கும் மறுபடி கைமாறிப் போவதைக் கண்டபின், கிராமதானம் என்ற முறை வந்தது. அதில் காணி முழுக் கிராமத்தின் பொறுப்பில் இருக்கும், குடும்பங்கள் பயிரிடும்.

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில், வாக்குரிமை கேட்டதற்காகக் காணியிலிருந்து விரட்டப்பட்ட கறுப்பின விவசாயிகள் 1969இல் 'நியூ கொமியூனிற்றிஸ்' என்ற அமைப்பை உருவாக்கினர். சாள்ஸ் ஷெரொட், ஷேர்லி ஷெரொட் தம்பதியர் அதன் முன்னோடிகள். 5,700 ஏக்கரளவு காணியைப் பொதுவாக வைத்திருந்தார்கள். முதல் சமூகக் காணி அறக்கட்டளை இதுவே. இதை வடிவமைத்தவர்களில் ஒருவரான ரொபேட் ஸ்வான், இந்தியாவின் கிராமதானத்தை முன்மாதிரிகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டவர். அந்தக் காணியை அவர்கள் 1985இல் கடனால் இழந்தனர். வரட்சியும், அரச கடன் வழங்கலில் இருந்த நிறப்பாகுபாடும் காரணம். எண்ணம் மட்டும் அழியவில்லை. அமெரிக்காவின் பல நகரங்களுக்குப் பரவி, அங்கிருந்து லண்டனுக்கு வந்தது. காந்தி காலையில் நடந்த தெருக்களுக்கு, அவர் சீடரின் எண்ணம் அமெரிக்கா சுற்றி வந்து சேர்ந்திருக்கிறது.

வினோபாவோடு தமிழ்நாட்டில் நடந்தவர்கள் கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதியர். 1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டபின், கிருஷ்ணம்மாள் அந்தப் பகுதிக்கே போய்த் தங்கினார். 1981இல் இருவரும் லாப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, காணிச் சொந்தக்காரரோடு பேசி, வங்கிக் கடன் பெற்று, ஆயிரக்கணக்கான காணியற்ற குடும்பங்களுக்குக் காணி வாங்கிக் கொடுத்தார்கள். அதைப் பெண்களின் பெயரிலேயே எழுதினார்கள். ஆண் கையில் காணி போனால் அடகுக்கும் குடிக்கும் போய்விடலாம், பெண் கையில் இருந்தால் பிள்ளைகளுக்கு நிற்கும் என்பது அவர்கள் அனுபவம்.

நாம் பார்க்க வேண்டியவை

லண்டன் கதையில் எனக்குப் பட்ட முக்கியமான விடயம், வீட்டைக் கட்டுமுன்பே காணி யாருடையது, பின்னர் யாருக்குப் போகும் என்று அந்த மக்கள் எழுத்தில் கேட்டு வாங்கினார்கள் என்பதே. நாம் பெரும்பாலும் அத்திவாரம் வெட்டியபின்தான் உறுதியைத் தேடுகிறோம். வீட்டுத்திட்டம் கிடைத்தும், காணி மாமனாரின் பெயரில் இருந்ததால் பின்னாளில் வெளியேற நேர்ந்த பெண்களை என் வேலையில் சந்தித்திருக்கிறேன். ஆகவே, பின்வருவனவற்றை இந்த மாதமே சரிபாருங்கள்.

ஒன்று: நீங்கள் இருக்கும் காணி உறுதிக் காணியா, அரச அனுமதிப்பத்திரக் காணியா? அதில் யாருடைய பெயர் இருக்கிறது? தெரியாவிட்டால் கிராம உத்தியோகத்தரிடம் அல்லது பிரதேச செயலகக் காணிப் பிரிவில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இரண்டு: அனுமதிப்பத்திரக் காணி என்றால் பின்னுரித்தாளராக யாரைப் பதிந்திருக்கிறது? 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், எவரையும் பதியாத இடத்தில் மகள்மாருக்கு முன் மகன்மாருக்கே முதலிடம் கொடுத்தது. 2022இல் செய்யப்பட்ட திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. "சட்டப்படி மூத்த ஆம்பிளைப் பிள்ளைக்குத்தான்" என்று யாராவது சொன்னால், அது பழைய கதை என்று சொல்லுங்கள்.

மூன்று: வடக்கில் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் பெயரிலுள்ள காணியை விற்கவும் ஈடுவைக்கவும் கணவனின் சம்மதம் தேவைப்படும். கணவன் காணாமல் போயிருந்தால் இது பெரும் தடை. நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்க வழி உண்டு. தனியே அலையாமல் இலவச சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையை நாடுங்கள்.

நான்கு: உங்கள் ஊரில் மூடிக்கிடக்கும் பொதுக் கட்டடம் எது? பழைய பண்டசாலை, கூட்டுறவுக் கடை, பாழடைந்த மருந்தகம், யாரும் தங்காத விடுதி ஏதாவது இருக்கலாம். அது யாருக்குச் சொந்தம், அதைப் பற்றிய திட்டம் என்ன என்று மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானமாக எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பம் செய்யலாம். அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

போ வீதி மக்கள் ஒரே கேள்வியைப் பதின்மூன்று ஆண்டுகள் கேட்டார்கள். இடையில் நகரபிதாவே மாறினார். கேட்டவர்களில் சிலர் வயது போய் விலகியிருப்பர், புதியவர் வந்து சேர்ந்திருப்பர். கேள்வி எழுத்தில் இருந்ததால் அது நின்றது. உங்கள் சங்கத்தின் கூட்ட அறிக்கைப் புத்தகத்தை எடுத்து, இந்த மாதக் கூட்டத்தின் முதல் வரியாகக் காணியைப் பற்றிய உங்கள் கேள்வியை எழுதிவையுங்கள். திகதியையும் போடுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதி அறிவியுங்கள்.